சாய்ந்த வீரன் கல், இடிந்த கோட்டைச் சுவர்: சிமெண்ட் மூட்டையைத் தூக்கும் முன் படிக்க ஒரு முழு வழிகாட்டி

கண்மாய்க் கரையில் சாய்ந்து நிற்கிற ஒரு வீரன் கல்லைப் பார்த்ததும் நம் ஊர் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது ரெண்டு மூட்டை சிமெண்ட், அப்புறம் ஒரு டப்பா எனாமல் பெயிண்ட், வசூல் கொஞ்சம் தாராளமாக வந்துவிட்டால் சுற்றிலும் டைல்ஸ். நோக்கம் நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மழையும் வெயிலும் பல நூறு வருடமாகச் செய்யாத கெடுதலை இந்த மாதிரி ஒரு திருப்பணி ஒரே வாரத்தில் செய்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, எதைச் செய்யக்கூடாது என்பதுதான்.

மதுரையைச் சுற்றிப் போர் நடக்காத திசை கிடையாது. 1755ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரானுடைய படையை நத்தம் கணவாயில் கள்ளர் குடியினர் மடக்கினார்கள். 1763, 64ல் மருதநாயகம் என்று நாம் சொல்கிற யூசுப்கான் மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு முற்றுகையைத் தாங்கினார். கடைசியில் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்ட அவருடைய அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. காளையார்கோவிலில் 1772ல் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் விழுந்தார், 1801ல் அதே ஊரைச் சுற்றிய காட்டில் மருதிருவரின் கடைசிப் போர். திண்டுக்கல் மலைக்கோட்டை நாயக்கர், ஹைதர் அலி, திப்பு, கம்பெனி என்று கை மாறிக்கொண்டே இருந்தது. இதற்கெல்லாம் ரொம்ப முந்தையது ஆகோள் பூசல், அதாவது அடுத்தவர் மாட்டு மந்தையைக் கவரும் சண்டை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த, தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்துள்ள நடுகல் அப்படி ஒரு சண்டையில் இறந்தவனுக்கு நட்டது. திண்டுக்கல் மாதிரி பெரிய கோட்டைகளை மத்தியத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. நாம் பேசப்போவது அதிகமும் யார் கணக்கிலும் வராத சின்னச் சின்னக் கற்களையும், காட்டுக்குள் கிடக்கும் மதில் துண்டுகளையும் பற்றி.

எது தழும்பு, எது புண்?

வேலை தொடங்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். போர்க்கள நினைவுச்சின்னத்தில் இரண்டு விதச் சேதம் இருக்கும். போரிலேயே நடந்த சேதம் ஒன்று: குண்டு பட்ட பள்ளம், வேண்டுமென்றே தகர்த்த மதில், தீயில் கருத்த கல். அது தழும்பு, அதுவே வரலாற்றுச் சான்று, அதைப் பூசி மூடினால் நீங்கள் சான்றை அழிக்கிறீர்கள். பராமரிப்பு இல்லாததால் வந்தது இன்னொன்று: வேர் பிளந்த சுவர், உப்புப் பூத்த பூச்சு, அடிமண் கரைந்து சாய்ந்த கல். இது புண், இதற்குத்தான் வைத்தியம். சந்தேகமாக இருந்தால் தழும்பு என்றே வைத்துக்கொண்டு தொடாமல் விடுங்கள்.

"முன்னே இருந்த மாதிரியே முழுசாகக் கட்டிவிடலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974ல் எழுப்பிய கோட்டை நினைவுக்கோட்டைதான், கட்டபொம்மனின் பழைய கோட்டையைக் கம்பெனிப் படை தரைமட்டமாக்கிவிட்டது. புதிதாக நினைவகம் கட்டுவதில் தப்பில்லை, ஆனால் பழைய அடித்தளத்தின் மேலேயே ஏற்றிக் கட்டாமல் தள்ளிக் கட்டுங்கள். இன்னொரு விஷயம், பழஞ்சின்னங்களைப் பராமரிப்பது பற்றி 1964ல் வந்த சர்வதேச வெனிஸ் சாசனம் அப்போதே சொல்லிவிட்டது: சேர்த்த பகுதி பழையதோடு இணங்கிப்போக வேண்டும், அதே நேரம் உற்றுப் பார்த்தால் இது புதுசு என்று தெரியவும் வேண்டும்.

இடம் யாருடையது, யாரிடம் கேட்பது

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் புல எண்ணைப் பாருங்கள். பட்டா நிலமா, புறம்போக்கா, கண்மாய் எல்லையா, வனத்துறையா, கோவில் நிலமா என்பதைப் பொறுத்து அடுத்த கதவு மாறும். கோவில் நிலமென்றால் இந்து சமய அறநிலையத்துறை, காட்டுக்குள் என்றால் வனத்துறை. எதுவாக இருந்தாலும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு கடிதம் போக வேண்டும், கூடவே மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல்.

1958ஆம் வருட மத்தியச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் நீங்களாக ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு அதைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மாநிலப் பாதுகாப்பில் இருப்பவற்றுக்கு 1966ஆம் வருடச் சட்டம். எந்தப் பட்டியலிலும் இல்லாத கல் என்றாலும் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் 1878ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிடுவது நல்லது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தேதி தெரிந்ததுதானே. அந்தத் தீர்மானத்தின் நகல் கையில் இருந்தால் நாளைக்குச் சாலையை அகலப்படுத்த வருகிற ஒப்பந்தக்காரரிடம் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும். சாலையோர நடுகற்களில் நிறைய, தார் மேல் தார் போட்டு இடுப்பு வரை புதைந்துபோனவை.

தொடுவதற்கு முன் பதிவு

போன் கேமரா போதும். நான்கு பக்கமும் நேராக, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதிய தாள் ஒன்று ஒரு படத்திலாவது தெரிகிற மாதிரி எடுங்கள். பிறகு கல்லைச் சுற்றி நடந்துகொண்டே, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பக் காட்டும்படி நிறைய எடுத்து வைத்தால், பின்னால் அவற்றிலிருந்து முப்பரிமாண மாதிரியே உருவாக்கலாம். தேய்ந்த எழுத்தோ உருவமோ இருந்தால் இருட்டிய பிறகு போங்கள். டார்ச்சைக் கல்லின் முகத்தோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் தெரியாத வாளும் வளையல் கையும் தானாக எழுந்து வரும். எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பது, மைதா மாவு பூசுவது, ஆணியால் கீறுவது எல்லாம் வேண்டாம். கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றிப் படி எடுக்கும் மைப்படி வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள்.

விரிசல் இருந்தால் அது பழசா, இன்னும் நகர்கிறதா என்று தெரிய வேண்டும். வேலைப்பாடில்லாத வெறும் சுவர்ப் பகுதியில் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதி விடுங்கள். ஒரு மழைக்காலம் கழித்துக் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது. அப்போது பொறியாளர் வராமல் மேற்கொண்டு ஒரு வேலையும் வேண்டாம்.

காவல் இல்லாத கல்லின் சரியான இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவிலும் முகநூலிலும் போடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்களும் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

சேதத்துக்கு வேர்க் காரணம் பத்துக்கு எட்டு இடத்தில் தண்ணீர்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். சுவரின் தலை திறந்து கிடக்கிறது, மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கி நடுவில் இருக்கும் மண்ணையும் சாந்தையும் கரைக்கிறது, ஒரு நாள் வெளிப்பக்கக் கல்வரிசை மட்டும் பொத்தென்று சரிகிறது. அல்லது அடியில் தண்ணீர் தேங்கி, ஈரம் மேலேறி, காயும்போது கூடவே வந்த உப்பு கல்லின் தோலுக்கடியில் படிகமாகிப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கிறது. இதைச் சரி செய்யாமல் மேலே பூசுவது வீண் செலவு.

செய்ய வேண்டியது எளிது: கல்லைச் சுற்றித் தரை வெளிப்பக்கமாகச் சரிந்து இருக்கட்டும், ஆழமாகத் தோண்டாமல் மேல்மண்ணை மட்டும் சீர்படுத்தி ஓட்டம் கொடுங்கள். சுற்றிலும் சிமெண்ட் தளம் போடாதீர்கள்; தரை வழியாக ஆவியாக வேண்டிய ஈரம் முழுக்கக் கல் வழியாக ஏறும். மதில் தலைக்குச் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புத் தளம், லேசான சரிவோடு, போதும்.

வேரைப் பிடுங்காதீர்கள்

அரசும் ஆலும் காக்கை எச்சத்தில் வந்து முளைத்துவிடும். கையால் பிடுங்க வருகிற கன்றை மழைக்குப் பிறகு ஈரத்தோடு பிடுங்கலாம். விரல் தடிமனுக்கு மேல் போய்விட்டால் வேர் உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும், இழுத்தால் வேரோடு சுவரும் வரும். மேல்பாகத்தை அறுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க நறுக்கி, பட்டுப்போக விட வேண்டும். கொத்தனார் சிலர் வேரில் ஆசிட் ஊற்றச் சொல்வார்கள், அது வேரைவிடச் சுண்ணாம்பைத்தான் முதலில் தின்னும். பெரிய வேரென்றால் தொல்லியல் துறையினர் கற்களுக்கு எண் போட்டு, கழற்றி, வேரை எடுத்துவிட்டு, அதே வரிசையில் திரும்ப அடுக்குவார்கள். சுற்றியுள்ள சீமைக்கருவேலத்தையும் தரையோடு வெட்டுங்கள், பொக்லைன் மட்டும் உள்ளே வரக்கூடாது, அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சுத்தம் செய்வது

நல்ல தண்ணீர், மெல்லிய நைலான் பிரஷ், மூங்கில் குச்சி. இவ்வளவுதான் சாமான். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர், கார் கழுவுகிற அழுத்தக் குழாய், கிரைண்டர் எதுவும் ஆகாது. மணல் வீச்சு என்று ஒன்று இருக்கிறதே, மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பது, நம் பக்கத்துக் கோவில் தூண்களில் எத்தனை எழுத்தையும் சிற்ப முகத்தையும் அது வழித்து எடுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். பளபளப்பாகத் தெரிகிறதே என்று சந்தோஷப்படுகிறார்கள், வயிறு எரிகிறது.

கீழிருந்து மேலாக நனைத்து, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். உதிரும் நிலையில் இருக்கிற கல்லை நனைக்கவே வேண்டாம். உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த பிரஷால் தட்டி எடுத்துவிடுங்கள், தண்ணீர் விட்டால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பல வருட எண்ணெயும் கற்பூரக் கரியும் சேர்ந்து தார் மாதிரி இறுகியிருந்தால் கட்டியாக இருப்பதை மூங்கில் குச்சியால் மெதுவாகப் பெயர்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தையும் எனாமல் பெயிண்டையும் எடுக்கத் தொல்லியல் துறையில் வேதியியல் பிரிவே இருக்கிறது, அவர்கள் காகிதக்கூழோ களிமண்ணோ அப்பி உறிஞ்சி எடுப்பார்கள்.

சுண்ணாம்பு வேலை

இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய சுவருக்குச் சிமெண்ட் ஏன் ஆகாது என்றால், அது சுற்றியுள்ள செங்கல்லையும் பழைய சாந்தையும்விட இறுகியது, ஈரத்தை விடாது, தன் பங்குக்கு உப்பையும் கொண்டுவரும். வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது சிமெண்ட் அசையாது, பக்கத்துச் செங்கல்தான் உடையும். உள்ளே கம்பி வைத்தால் இன்னும் மோசம், கம்பி துருப்பிடித்துப் பருத்துச் சுவரைப் பிளக்கும். சுண்ணாம்பு மென்மையானது, அடி விழுந்தால் தான் உடைந்து கல்லைக் காப்பாற்றும், அடுத்த தலைமுறை அதைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு வைத்துக்கொள்ளவும் முடியும்.

முதலில் பழைய சாந்து என்ன கலவை என்று பாருங்கள். கீழே உதிர்ந்து கிடக்கிற துண்டு ஒன்றை எடுத்துப் பொடித்து, எடை பார்த்து, கண்ணாடிக் குவளையில் நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணலும் செங்கல் தூளும் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து எடை போட்டால் விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிடும். (அமிலம் குவளைக்குள் மட்டும். சுவரில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.) மணலின் நிறமும் பருமனும் கண்ணுக்கே தெரியும், அதே மாதிரி மணலைத் தேடுங்கள். எம்-சாண்ட் முனை கூராகவும் நிறம் வேறாகவும் இருப்பதால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும், அதனால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்தில் தொட்டி வைக்காதீர்கள். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கிற மாதிரி சில வாரமாவது ஊறப்போடுங்கள். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு வெண்ணெயாகும். பிறகு 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு மணல், ஈரம் படும் இடமென்றால் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூள். அரைக்கிற அரைப்பில்தான் உயிர் இருக்கிறது, அவசரத்துக்கு மண்வெட்டியால் கிளறிவிட்டுப் பூசினால் வெடிக்கும்.

கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துப் புளித்த தண்ணீரைச் சேர்ப்பது நம் பழைய கொத்தனார்களின் முறை, நல்ல முறை. ஆனால் முட்டை, உளுந்து, கற்றாழை என்று வீடியோவில் பார்த்ததையெல்லாம் கொட்டாதீர்கள். எந்தக் கலவையானாலும் மறைவான ஒரு மூலையில் கையளவு பூசி, சில வாரம் விட்டு, வெடிப்பு வருகிறதா, பூஞ்சை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சுவருக்கு.

இணைப்பைத் தளர்ந்த அளவுக்கு மட்டும் சுரண்டி, தூசியை ஊதி, தண்ணீர் தெளித்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாகச் சாந்தை அழுத்தி நிரப்புங்கள். சாந்து கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே நிற்கட்டும், கல்லின் மேல் வழிய வேண்டாம். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பத்து நாள் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை எடுத்துத்தான் மெல்ல இறுகும், அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிறையப் பொறுமையும் தேவை. அதனால் நம் பக்கம் இந்த வேலைக்கு ஏற்ற காலம் தையும் மாசியும். ஐப்பசி மழையில் கரைந்துவிடும், சித்திரை வெயிலில் வெந்துவிடும்.

ஏற்கெனவே யாரோ பூசிவிட்டுப் போன சிமெண்ட் இருந்தால், தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் வந்தால் மட்டும் சின்ன உளியால் கையாலேயே எடுங்கள். கல்லோடு ஒட்டிப்போனதை விட்டுவிடுங்கள், எடுக்கப் போனால் கல்லின் முகமும் சேர்ந்து வரும்.

சாய்ந்ததும் உடைந்ததும்

சாய்ந்த கல் எல்லாம் விழப்போகிற கல் அல்ல. தூக்குக்குண்டு கட்டிச் சாய்வை அளந்து எழுதி வைத்துவிட்டு அடுத்த வருடம் திரும்ப அளந்து பாருங்கள், மாறவில்லையென்றால் நிம்மதியாக விடலாம். மாறுகிறதென்றால் முதலில் சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுங்கள், கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் சாக்கோ ரப்பரோ இருக்கட்டும். நிமிர்த்துவதற்கு அடியைத் தோண்டியாக வேண்டும், அங்கே பானையோ எலும்போ மண்ணுக்குள் மறைந்த எழுத்தோ இருக்கலாம், ஆகவே தொல்லியல் அலுவலர் இல்லாமல் கடப்பாரை இறங்கக் கூடாது. தூக்கும்போது இரும்புச் சங்கிலி கல்லில் படாமல் அகலமான நைலான் பெல்ட்டைப் போட்டு, முக்காலியும் செயின் பிளாக்கும் வைத்து மெதுவாகத் தூக்குங்கள். குழியில் கான்கிரீட் வேண்டாம், சரளையும் சுண்ணாம்புமாக இடித்து இறுக்கினால் நிற்கும்.

உடைந்து கிடந்தால் ஒவ்வொரு துண்டையும், சின்னச் சில்லைக்கூட, எண் போட்ட பையில் எடுத்து வையுங்கள். எம்-சீலோ அரால்டைட்டோ வாங்கி ஒட்டிவிடாதீர்கள். பெரிய கற்களைத் துருப்பிடிக்காத எஃகு ஊசி செருகி இணைப்பது நிபுணர் வேலை, துளையைத் தப்பான இடத்தில் போட்டால் பிறகு திருத்தவே முடியாது.

கல்லை இடம் மாற்றி அருங்காட்சியகத்தில் வைப்பது கடைசி வழி. வெள்ளம், குவாரி, திருட்டு என்று உயிருக்கே ஆபத்தென்றால் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகட்டும், தப்பில்லை. இல்லையென்றால் அந்த வீரன் விழுந்த மண்ணிலேயே இருக்கட்டும்.

பீரங்கியும் தரைக்கடியில் உள்ளதும்

திருமயம் கோட்டை மேல் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி பழைய பீரங்கி உங்கள் ஊரில் கிடந்தால் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சிமெண்ட் மேடையில் பதிக்காதீர்கள். கல் தாங்கிகள் மேல் தரையில் படாமல், வாய் சற்றுக் கீழ்நோக்கித் தண்ணீர் வடிகிற மாதிரி வையுங்கள், மிச்சத்தைத் துறையினர் பார்க்கட்டும்.

உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு போர்க்களத்தில் சுற்றுவதை யாராவது பெருமையாகச் சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு ஈயக் குண்டுக்குக் காசு மதிப்பு ஒன்றுமில்லை, அது எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள், எங்கே அணி உடைந்தது என்ற விவரம் இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு வந்தால் அதோடு அந்த விவரம் போச்சு.

சாமியாகிவிட்ட கல்

நம் பக்கத்தில் பாதிக் கற்களுக்குப் பூசை நடக்கிறது. பட்டவன் சாமி, மாலைக்கோவில், தீப்பாய்ந்த அம்மன் என்று பெயர் மாறும், உள்ளே இருப்பது வாளேந்திய வீரனும் பக்கத்தில் அவன் மனைவியும்தான். வெளியிலிருந்து போய் "இது வரலாற்றுச் சின்னம், எண்ணெய் ஊற்றாதீர்கள்" என்று பாடம் எடுத்தால் அன்றோடு அந்த ஊரில் உங்கள் வேலை முடிந்தது. கும்பிட்டதால்தான் அந்தக் கல் இவ்வளவு நாள் கல்லுடைப்பவர் கையில் சிக்காமல் தப்பியது, அதை மறக்க வேண்டாம். பூசாரியிடமும் பங்காளிகளிடமும் உட்கார்ந்து பேசுங்கள்: விளக்கும் சூடமும் கல்லை ஒட்டி இல்லாமல் முன்னால் தனிக் கல்மேடையில் வைக்கலாமா, எண்ணெய்க் காப்பை வருடத்துக்கு ஒரு நாள், மாசி சிவராத்திரிக்கு மட்டும், பாதத்தோடு வைத்துக்கொள்ளலாமா, பெயிண்டுக்குப் பதில் துணி சாத்தலாமா. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், முதலில் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தகவல் பலகை வைத்தால் தனிக் கம்பத்தில் வையுங்கள், சுவரில் ஆணி அடிக்காதீர்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். "2000 ஆண்டுகள் பழமையான" என்று எல்லாப் பலகையிலும் எழுதுகிற வியாதி ஒன்று இருக்கிறது. அதைவிடப் பெரிய வியாதி, செத்துப்போன வீரனுக்கு இன்றைய சாதிப் பட்டத்தை ஒட்டுவது. கல்வெட்டில் இல்லாத பட்டத்தைப் பலகையில் போட்டால் அடுத்த மாதமே பலகை உடையும், சில சமயம் கல்லும் சேர்ந்து.

அப்புறம் ஒவ்வொரு வருடமும்

புரட்டாசியில் ஒரு முறை, மழைக்கு முன்: ஓட்டம் அடைத்திருக்கிறதா, கன்று முளைத்திருக்கிறதா. மார்கழிக் கடைசியில் ஒரு முறை, மழைக்குப் பின்: சாய்வு, விரிசல், உப்பு. அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள். பெரிய வேலை வரும்போது மாவட்டத் தொல்லியல் அலுவலகத்தோடு, பழமைச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் மதுரைக் கிளையிலும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

ஒரு நாள் போய்ப் பார்க்கும்போது கல்லே இல்லையென்றால் பக்கத்து ஊரில் விசாரித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். முதலில் எடுத்து வைத்தீர்களே, அளவுகோலோடு நான்கு பக்கப் படம், உயரம், அகலம், எங்கே உடைந்திருக்கிறது என்ற குறிப்பு, அத்தனையையும் புகாரோடு இணையுங்கள். எங்கோ ஒரு பண்ணை வீட்டுத் தோட்டத்தில் அது அலங்காரமாக நின்றால், இது எங்கள் ஊர்க் கல் என்று நிரூபிக்க அவைதான் உங்கள் கையில் இருக்கும்.